நெட்டையன் திருப்பித் தராத லைன்

எங்கள் மாமாவுக்கு ஊர் வைத்த பெயர் இருட்டு. நிறத்துக்காக வைத்த பெயர் அல்ல, ஆள் மாநிறம்தான். சப்ஸ்டேஷனில் அவர் டியூட்டியில் இருக்கும்போது கரண்டு போனால் திரும்பி வர நேரமாகும். மற்றவர்கள் டக்கென்று போட்டுவிடுவார்கள். இவர் யோசிப்பார், போன் பண்ணுவார், வெளியே போய் வானத்தைப் பார்ப்பார், திரும்ப வந்து மறுபடியும் போன் பண்ணுவார். அதற்குள் மோட்டார் நின்றுபோன வயல்காரனும், பாதி அரைத்த மாவோடு நிற்கும் மில்காரனும், விசிறி நின்றதும் வீறிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற தாயும் அவருடைய பிறப்பு வளர்ப்பையெல்லாம் அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். “இன்னைக்கு யாரு, இருட்டு டியூட்டியா?” என்று கேட்டுவிட்டு மெழுகுவத்தி வாங்கப் போகிறவர்களை என் தையல் கடையில் உட்கார்ந்தபடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் மெஷினுக்கு மோட்டார் பொருத்திய பிறகு நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து திட்டியவள்தான்.

அவர் என் அக்காவைக் கட்டியவர். கொழுந்தியாள் என்ற உரிமையில் நான் எவ்வளவு வாய் பேசினாலும் அவருக்குக் கோபம் வராது. சட்டைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டால் மட்டும் ஓட்டம் பிடிப்பார். என் வீட்டுக்காரர் அதே சப்ஸ்டேஷனில் லைன்மேன். ஆக, அக்கா புருஷன் சுவிட்சுக்குப் பக்கத்தில், தங்கை புருஷன் கம்பத்துக்கு மேலே. சகலைகள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. “ஒருத்தர் கையில இன்னொருத்தர் உயிர்” என்று அக்கா விளையாட்டாகச் சொல்வாள். எனக்கு அது ஒருநாளும் விளையாட்டாகப் பட்டதில்லை.

அவர்கள் தொழிலில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. கம்பத்தில் ஏறப்போகிற லைன்மேன் சப்ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, இந்த லைனை எனக்குக் கொடு என்று கேட்பான். உள்ளே இருக்கிறவர் அந்த லைனை அணைத்து, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற தகரப் பலகையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கொடுத்தேன் என்பார். அதன் பிறகு அந்த லைன் கேட்டவனுக்குச் சொந்தம். அவன் இறங்கி வந்து, தன் வாயால், திருப்பித் தருகிறேன் என்று சொல்லும்வரை யார் சொன்னாலும் சுவிட்சைப் போடக் கூடாது. வாங்கிய வாய்தான் திருப்பித் தர வேண்டும்.

மாமாவிடம் வாங்கிய ஒரு லைனை ஒருவன் திருப்பித் தரவேயில்லை. அவன் பெயர் நெட்டையன்.

பெயருக்கேற்ற உயரம். ஏணி எதற்கு, இவன் நிமிர்ந்து நின்றாலே போதும் என்று சொல்வார்கள். சிரித்தால் கடைசிப் பல் வரைக்கும் தெரியும். போனில் பேசும்போது எடுத்தவுடனே, “அண்ணே, உள்ள குளுகுளுன்னு இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். மாமா அவனைத் திட்டிக்கொண்டே சிரிப்பார். அக்கா வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டு இருந்தது.

எங்கள் பக்கம் தோசைக்கல் மாதிரித் தட்டையான பூமி. கண்ணுக்கு எட்டிய தூரம் வயலும் மின்கம்பமும்தான். கோடையில் அனல் காய்ந்து காய்ந்து, ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மூலையில் மேகம் எழும்பும். ஊதக்காற்று, ஆலங்கட்டி, இடி. தகரக்கூரைகள் அடுத்த ஊரில் போய் விழும். ஒண்டிக்கொள்ள ஒரு மறைப்பு கிடையாது. வெளியில் இருப்பதிலேயே உயரமான பொருள் ஒற்றை மரமோ, கம்பமோ, நடந்து போகிற மனுஷனோதான். மழை வருகிறதே என்று மரத்தடிக்கு ஓடிச் செத்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். இருந்தும் ஓடத்தான் செய்கிறார்கள். நனையாமல் சாக வேண்டும் போலிருக்கிறது.

அப்படியொரு கோடை மத்தியானத்தில்தான் நெட்டையன் கிழக்கு லைனைக் கேட்டான். வேலையை எல்லாம் சொல்லிவிட்டு, “வானம் எப்படி இருக்குண்ணே?” என்று கேட்டிருக்கிறான். சப்ஸ்டேஷன் அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் மேற்கே பார்த்தது. மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்திருக்கிறார். பளீரென்று வெயில். “சுத்தமா இருக்கு, ஏறு” என்றார். மேகம் கிழக்கே எழும்பிக்கொண்டிருந்தது.

நெட்டையனும் தன் பங்குக்கு ஒன்று செய்தான். கம்பத்தில் ஏறுகிறவன் தனக்கு இரண்டு பக்கமும் லைனை மண்ணோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு எர்த் ராடு என்று பெயர். எதிர்பாராமல் கரண்டு வந்தாலும் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். அவன் சப்ஸ்டேஷன் பக்கம் மட்டும் கட்டினான். கரண்டு அங்கிருந்துதானே வரும், வால் பக்கத்திலிருந்து எங்கே வரப்போகிறது? லைன்மேன்கள் எல்லோரும் நினைப்பதுதான். வேறு தொழில்காரனுக்கு இப்படி நினைக்கக்கூடத் தெரியாது. அன்று வால் பக்கத்திலிருந்துதான் வந்தது. எங்கோ வெகுதூரத்தில் கடைசிக் கம்பத்தில் விழுந்த இடி கம்பி வழியாகவே ஓடி வந்து அவனைத் தொட்டது. அவன் தலைக்கு மேலே அப்போது ஒரு சொட்டு மழைகூட இல்லையாம்.

“நான் ஆஃப் பண்ணினதை மேலேருந்து ஒருத்தன் ஆன் பண்ணிட்டான்” என்று மாமா அக்காவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். மறுநாள் பெரிய அதிகாரி வந்து, விதிப்படி செய்யவேண்டியதைச் செய்து, லைனைப் போடச் சொன்னார். மாமா போட்டார். ஆனால் திருப்பித் தருகிறேன் என்ற வார்த்தை அவர் காதில் விழவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த லைன் இன்றைக்கும் நெட்டையனுடையதுதான்.

அவர் இருட்டு ஆனது அதற்குப் பிறகுதான். லைன் கிளியர் கொடுக்கும் முன் செக்குமாடு மாதிரிக் கட்டடத்தைச் சுற்றி வந்து நாலு திசையும் பார்ப்பார். புதிதாக ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். லைன் கேட்கிறவனுக்கு ஒரு வார்த்தை கொடுப்பார்: சீப்பு, குடம், பூட்டு, அப்போது கண்ணில் எது படுகிறதோ அது. திருப்பித் தரும்போது அந்த வார்த்தையைச் சொன்னால்தான் வாங்குவார். இரைச்சலில் குரல் ஏமாற்றலாம், வார்த்தை ஏமாற்றாது என்பது அவர் கணக்கு. லைன்மேன்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மழையில் நனைந்துகொண்டே கடைப் போனில் ‘துடைப்பம், துடைப்பம்’ என்று கத்தினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

இன்னொன்றும் உண்டு. மின்னல் வெட்டினால் அந்த அறையிலுள்ள பழைய கறுப்புப் போன் ‘ணிங்’ என்று ஒரே ஒரு தடவை மணியடிக்கும். கம்பியில் மின்னல் பாய்ந்தால் அப்படித்தான் அடிக்குமாம். எல்லோருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். மற்றவர்கள் காதிலேயே வாங்கமாட்டார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் எடுத்து, “சொல்லு” என்பார். கொஞ்ச நேரம் கேட்பார். வைத்துவிடுவார்.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், எனக்குத் தைக்க வேலை கிடக்கிறது என்று விரட்டிவிடுகிறவள் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் அக்கா, மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. தூக்குச்சட்டியோடு உள்ளே போனபோது அவர் வெளியே கட்டடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அறை முழுக்க பாட்டரித் திராவக நெடி. சாம்பல் நிற இரும்பு அலமாரிகளில் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குகள். மேசையில் அந்தப் போன், அதன் சுருள் கம்பி பழைய ஜடை மாதிரி முறுக்கிக் கிடந்தது. சுற்றி முடித்து வந்தவர் ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் என் வீட்டுக்காரர். கிழக்கு லைனில் ஒரு கம்பத்தில் வேலையாம், நாலு ஊருக்கு அந்தப் பக்கம், ஒரு கடையிலிருந்து பேசினார்.

மாமா லைனை அணைத்தார், பலகையை மாட்டினார். வார்த்தைக்காகச் சுற்றிலும் பார்த்தார். நான் அவர் சட்டையைக் காட்டிச் சிரித்தேன். நடுவில் ஒரு பொத்தான் இல்லை. “பொத்தான்” என்று போனில் சொன்னார். அந்தப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஏதோ முனகியது எனக்கே கேட்டது.

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வெளியில் வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. மாமா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து கட்டடத்துக்குப் பின்னால் போனார். நானும் போனேன். கிழக்கே அடிவானத்தில் மசியைக் கொட்டினாற்போல ஒரு கறுப்பு எழும்பி நின்றது.

ஓடி வந்து கடைக்குப் போன் பண்ணினார். அடித்தது, எடுக்க ஆளில்லை. என் செல்போனில் டவர் இல்லை. மறுபடி கடைக்குப் பண்ணியபோது மணிகூடப் போகவில்லை. “எத்தனை ராடு கொண்டுபோனாரு?” என்று என்னைக் கேட்டார். ரெண்டு, காலையில் நான்தான் வண்டியில் கட்டிக் கொடுத்தேன் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பயந்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து எந்த மத்தியானத்துக்காகப் பயந்துகொண்டிருந்தேனோ, அந்த மத்தியானம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு அது எங்கள் தலைக்கும் மேலே வந்தது. பட்டப்பகல் அணைந்துபோனது. ஆலங்கட்டி கூரையில் விழுந்த சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் போன் ‘ணிங்’ என்றது. ஒவ்வொரு ‘ணிங்’குக்கும் மாமா எடுத்தார், சொல்லு என்றார், வைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. இடிக்கிற நேரத்தில் போனைத் தொடாதீங்க மாமா என்று கையைப் பிடித்து இழுத்தேன். என் கையை மெதுவாக விலக்கிவிட்டார்.

ஆலங்கட்டி நின்றது. காற்று மூச்சு வாங்கிக்கொள்வதுபோல ஒரு இடைவெளி. அந்த அமைதியில் ஜன்னல் முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம், சத்தமே இல்லாமல். போன் ஒரு தடவை அடித்தது.

எடுத்தார். சொல்லு என்றார். இந்தத் தடவை வைக்கவில்லை.

அவர் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்படியொரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததேயில்லை. கல்யாணப் போட்டோவில் மட்டும் அப்படி இருப்பார். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது.

“நெட்டையா?” என்றார். பிறகு, “உள்ள குளுகுளுன்னுதான்டா இருக்கு.”

அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார், சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். “முடிஞ்சுதா? எறங்கிட்டியா? திருப்பித் தர்றியா?” என்றார். ரிசீவரைக் காதில் வைத்தபடியே எழுந்தார். சுருள் கம்பி இழுபட்டு நீண்டது. இரும்பு அலமாரியின் முன்னால் போய் நின்று, கிழக்கு லைனின் கைப்பிடியிலிருந்து தகரப் பலகையைக் கழற்றினார். மேசையில் வைக்கக்கூட இல்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கை கைப்பிடிக்குப் போனது.

எத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துத் தள்ள எனக்குத் தெம்பில்லை. தள்ளினால் அந்த அதிர்ச்சியிலேயே கைப்பிடி திரும்பிவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“மாமா, அவர் பொத்தான்னு சொன்னாரா?”

நான் அங்கே இருப்பதையே அப்போதுதான் பார்த்தவர்போலத் திரும்பினார். குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், அந்த வெற்றுத் துளையை. வார்த்தை கேட்கும் வழக்கமே நெட்டையன் போன பிறகு வந்தது. அவனிடம் சொல்ல எந்த வார்த்தையும் கிடையாது. மாமாவின் கை கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக இறங்கியது.

“நெட்டையா, லைன்ல வேற ஆள் இருக்கான்டா” என்றார், கெஞ்சுகிற குரலில். “நீ குடுத்தா நான் வாங்க முடியாது. கொஞ்சம் பொறுத்துக்க.”

பலகையை மறுபடி மாட்டினார். ரிசீவரை அதன் இடத்தில் வைக்காமல் மேசையில் படுக்கவைத்தார், ஒருவரைக் காத்திருக்கச் சொன்னால் வைப்போமே, அப்படி. அவர் முகத்தைத் துடைக்கத் திரும்பியபோது நான் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எப்போதும் ஓடும் அந்த ‘ங்’ என்ற சத்தம்கூட இல்லை. செத்த போன்.

மழை ஓய்ந்தது. கேட்டுக்கு வெளியே மில்காரர் வந்து நின்று, இருட்டு என்று பெயர் சொல்லியே ஏசிவிட்டுப் போனார். மாமா அசையவில்லை. நானும் அசையவில்லை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தபோது, சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்று, வேலை முடிந்தது சகலை, போடுங்க என்றார். நான் எழுந்து ஓடப்போனேன். மாமா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“வார்த்தையைச் சொல்லு.”

“நேர்லதானே நிக்கிறேன் சகலை?”

“நிக்கிறது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

என் வீட்டுக்காரர் சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “பொத்தான்” என்றார். மாமா பலகையைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பினார். தூரத்தில் ஊர்களில் விளக்குகள் எரிந்தன. பிறகுதான் ரிசீவரை எடுத்து, காதில் வைத்து, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதன் இடத்தில் வைத்தார்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் கதை சொன்னார். முதல் இடியிலேயே கடைப் போன் கருகிவிட்டதாம், அதனால்தான் நேரில் வந்தாராம். மேகம் வருவதைப் பார்த்துச் சீக்கிரமாகவே இறங்கிக் கடையில் ஒண்டிக்கொண்டாராம். ஆலங்கட்டி நின்றதும் ராடு இரண்டையும் கழற்றி வண்டியில் கட்டிவிட்டு நிமிர்ந்தால், மேலே ஒரு நட்டு சரியாக முறுக்காதது ஞாபகம் வந்ததாம். ஒரு முறுக்கு வேலைதானே, இதற்காக மறுபடி ராடு கட்டுவானேன் என்று அப்படியே ஏறிவிட்டாராம். எப்போ என்று கேட்டேன். அதான், ஆலங்கட்டி விட்ட அந்த இடைவெளியில், சத்தமில்லாமல் ஒரு வெள்ளை மின்னல் வெட்டிச்சே, அப்போ மேலதான் இருந்தேன் என்றார்.

வெளியே போய் ஜல்லிக்கல்லின்மேல் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன்.

மாமாவிடம் இதை நான் ரொம்ப நாள் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் வீட்டில் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். என் வீட்டுக்காரர் இறங்கிய பிறகு நெட்டையனிடமிருந்து வாங்கியிருக்கலாமே, உங்களுக்கும் பாரம் இறங்கியிருக்குமே என்றேன்.

“எறங்கிட்டேன்னுதான் சொன்னான்” என்றார். “பொய்ம்மா. காத்து சத்தம் கேட்டுது. அவன் இன்னும் மேலதான் இருக்கான். எறங்காதவன்கிட்டேருந்து எப்படி வாங்கறது?”

மாமாவின் பாரத்தை இறக்கத்தான் நெட்டையன் அன்றைக்குப் பேசினான் என்று அவர் நம்புகிறார். அவர் நம்பட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. அதை அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மேலே தனியாக இருக்கிறவனுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. பேயை நம்பாதவள்தான் நான். இதை மட்டும் நம்புகிறேன்.

இப்போது சப்ஸ்டேஷனில் இருக்கிற ஆள் சுறுசுறுப்பு. மழை விட்டதும் விளக்கு வந்துவிடுகிறது. ஊருக்கு ரொம்ப சந்தோஷம், இருட்டு ஒழிந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. கோடை இடி நாளில் என் வீட்டுக்காரர் வெளியே இருக்கும்போது விளக்கு எரிந்தால் எழுந்து போய் மெயினை அணைத்துவிடுவேன். இருட்டில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு, அவர் தன் வாயால் ‘பொத்தான்’ என்று சொல்லும்வரை.